சாமிக்கு எழுதிய பாட்டு

1

என் அக்காவின் பாட்டுப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதித் தரச் சொல்லி அண்ணன் போன் செய்தபோது, நான் தொண்ணூற்றொரு வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. ஜெர்மனியின் வடக்கே ஒரு சிறு நகரத்தில், முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, சிலருக்குக் கடைசியில் கண்ணை மூடிவிடுவது.

இடைவேளையில் திருப்பிக் கூப்பிட்டேன். இங்கே மத்தியானம் ஒரு மணி, ஊரில் மாலை ஐந்தரை. அண்ணன் சேது வீடியோவில் வந்தார். அவருக்குப் பின்னால் வீட்டுக்கு முன் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தகம் மார்கழித் திருவாதிரைக்கு வந்துவிட வேண்டும் என்றார். அக்காவின் பக்தியை முதன்முதலில் கண்டு சொன்னவள் நீதான், நீ ரெண்டு பக்கம் எழுதினால்தான் பொருத்தம் என்றார். பிறகு, மழை பெய்ததைச் சொல்வதுபோல, உத்தரகோசமங்கையில் சாமி மேல் வருடம் முழுக்க இருக்கிற சந்தனத்தைத் திருவாதிரைக்குக் களையும் அன்று அக்கா சாமியோடு கலந்துவிடப் போவதாகச் சொல்லியிருப்பதையும் சொன்னார்.

"கலக்குறதுன்னா என்னண்ணே?" என்றேன்.

"அது அக்காவுக்குத்தான் தெரியும்" என்றார்.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து இப்போது வில்வத் தண்ணீரும் அரை வாழைப்பழமும்தானாம். போனை அக்காவிடம் கொண்டுபோகச் சொன்னேன். அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். நெற்றிப்பொட்டு இரண்டும் குழிந்து, கழுத்தெலும்பு தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நகக்கண்கள் வெளுத்திருந்தன.

"முகத்துல என்ன ஒரு களை பாருங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

அந்தக் களையை நான் அறிவேன். கரண்டியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறவர்களுக்கு, போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அது வரும். தோல் மெழுகு பூசியதுபோல் ஆகும், கண் பெரிதாகும். திருவாதிரைக்கு ஐந்து வாரம் இருந்தது.

2

எங்கள் ஊர் உத்தரகோசமங்கைக்கும் அபிராமத்துக்கும் நடுவில் இருக்கிறது. மிளகாய் போடுகிற ஊர். எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்துபோனாள். பன்னிரண்டு வயது அக்கா மங்களம்தான் என்னைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். நான் கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் இயந்திரக் கம்பெனியில் இருக்கிறார். மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், படிக்க வராது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அது எங்களுக்குப் பழகிவிட்டது.

வந்த முதல் மாதம் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யப் போனேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, "பெக்கென்ட்னிஸ்?" என்றாள். எனக்குத் தெரியாத சொல். கைப்பையிலிருந்து சின்ன அகராதியை எடுத்துப் புரட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்று போட்டிருந்தது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னேன். அவள் சிரித்து, கைகளைக் கூப்பிக் காட்டி, எந்த மதம் என்றுதான் கேட்டதாகப் புரியவைத்தாள். இவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம்.

வீட்டுக்காரர் இதைப் பல வருடம் விருந்துகளில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த அலுவலகத்தில் அன்று நான் அவ்வளவு அவசரமாக மறுத்ததற்கு மொழி மட்டும் காரணமில்லை. ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்று இருந்தது. அது சாமி சம்பந்தப்பட்டதுதான்.

3

அக்கா ராமநாதபுரத்தில் கல்லூரியில் தமிழ் படித்தாள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். அப்பா, எங்கள் அய்யா, கொடுத்த ஒரே சலுகை அதுதான். மூன்றாம் வருடம், மிளகாய் வத்தல் மூட்டைகளைக் கமிஷன் மண்டிக்கு ஏற்றும்போது ஒரு மூட்டைக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்று விழுந்தது. வத்தல் மூட்டைக்குள் யாரும் கைவிட மாட்டார்கள் என்று அங்கே வைத்திருக்கிறாள்.

அய்யா எட்டாவது வரை படித்தவர். முற்றத்தில் நின்றபடியே படித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் என்பதால் வெகுநேரம் ஆனது. முழுக்கப் பாட்டு. ஒரு பாட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

வலையோடு வந்தவனே
கரையில் நிற்கிறேன்
மீனைக் கடலுக்கே விட்டுவிட்டு
என்னை எடுத்துப் போ.

"யாருடி இவன், வலையோட வாரவன்?" என்று கேட்டார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் வலை வீசுவதில்லை. வலை வீசுகிறவன் கடற்கரைக்காரன், அவன் வேறு சாதி, ஒருவேளை வேறு மதம். இது அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எனக்கு அவன் பெயரே தெரியும். சேவியர், தங்கச்சிமடம், அக்காவின் வகுப்பு. சனி ஞாயிறு அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காய்த்துப்போன கையோடு வகுப்புக்கு வருவாராம். அக்கா ஒரே ஒரு முறை, எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

அதற்கு முந்தின வருடம் பக்கத்து ஊரில் இப்படி ஒரு விஷயத்தில் ஒரு பெண் வயிற்று வலியால் செத்துப்போனாள். வயிற்று வலி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எரிக்கும்வரை யாரும் பக்கத்தில் விடப்படவில்லை. பதினாலு வயதில் எனக்கு அதன் அர்த்தம் தெரியும்.

அந்த வாரம்தான் பள்ளியில் தமிழம்மா, பக்தர்கள் தங்களை நாயகியாகவும் சாமியை நாயகனாகவும் வைத்துப் பாடுவதைப் பாடம் நடத்தியிருந்தார்கள். சிவன் வலை வீச வந்த கதையோ எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சாபத்தால் மீனவர் வீட்டில் பிறந்த அம்பாளைத் தேடி, சாமியே வலைஞனாக வந்து, யாராலும் பிடிக்க முடியாத சுறாவைப் பிடித்துக் கொடுத்து அவளைக் கட்டிக்கொண்டு போன கதை. கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் உத்தரகோசமங்கை.

"அது சாமி அய்யா" என்றேன். "அது சாமிக்கு எழுதினது. உத்தரகோசமங்கைச் சாமிதான் வலை வீச வந்தாருல்ல?"

அய்யா என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். நோட்டை மூடி, அக்காவின் கையில் கொடுத்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமை சன்னதியில பாடட்டும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா பாடினாள். அவளுக்கு நல்ல குரல், ஆனால் அதற்கு முன் யார் முன்னாலும் பாடியதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாடினாள். பாதியில் அழுகை வந்தது. அழுகையோடேயே பாடி முடித்தாள். கும்பிட வந்திருந்த பெண்களும் அழுதார்கள். யாரோ ஒரு பெரியவர், இந்தப் பிள்ளை சாமியை நேரில் பார்க்குது என்றார். அய்யா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் ஒருத்திதான் பயத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு கல்லூரி நின்றது.

4

தமிழம்மா நடத்திய பாடத்தைப் பற்றி இந்த முப்பத்திரண்டு வருடத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். நம் பழைய பாட்டுகளில் கடற்கரையில் நின்று அழுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். போனவன் வரவில்லை. நாரையிடம் கேட்கிறாள், நண்டிடம் கேட்கிறாள். சில நூற்றாண்டு கழித்து அதே பெண் கோயில் வாசலில் நிற்கிறாள். வளையல் கழல்வதும் உடம்பு வெளிறுவதும் கிளியைத் தூது விடுவதும் அப்படியேதான் இருக்கின்றன. நிற்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது.

மடல் என்று ஒன்று உண்டு. ஆசைப்பட்ட பெண் கிடைக்காத ஆண், பனைமட்டையில் செய்த குதிரையில் ஏறி, ஊரறியத் தன் காதலைச் சொல்லலாம். பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது என்று இலக்கணத்தில் எழுதிவைத்தார்கள். பிற்பாடு, சாமி மேல் காதல் என்றால் மட்டும் பெண்ணும் மடல் ஏறலாம் என்று விட்டுவிட்டார்கள். அதாவது, ஒரு பெண் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால் அந்த ஆள் சாமியாக இருக்க வேண்டும். அவள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்தக் கதவு வழியாகத்தான் நான் அக்காவை உள்ளே தள்ளினேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளைகள் வந்தார்கள். என்னைச் சாமிக்குக் கொடுத்தாயிற்று என்று அக்கா எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். அந்தப் பொய் அவளுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது. ஒவ்வொரு மார்கழியும் பாடினாள். முதலில் தெருப் பெண்கள், பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள், பிறகு காரில் வருகிறவர்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கு விபூதி கொடுத்தாள், சிலருக்குப் பிள்ளை பிறந்தது. அய்யா போன பிறகு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட மண்டபம் ஒன்று கட்டினார். அக்காவை இப்போது அம்மா என்றார்கள்.

அண்ணன் போன் செய்த அன்று சாயங்காலம் நிலா நான் அழுவதைப் பார்த்துவிட்டாள். என்னவென்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அக்காவின் பாட்டுகளில் ஐந்தாறை ஜெர்மனில் எழுதிக் கொடுத்தேன். பக்தி என்பதற்கு என்ன சொல் போடுவது என்று தடுமாறி, ஹிங்காபே என்று போட்டேன். தன்னை முழுக்க ஒப்படைப்பது என்று அர்த்தம். சாமிக்கும் சொல்லலாம், காதலனுக்கும் சொல்லலாம்.

நிலா படித்துவிட்டு, இந்த ஆள் யாரு என்று கேட்டாள்.

சாமி என்றேன்.

"இல்லம்மா. இந்த ஆளுக்குக் கை காய்ச்சுப்போயிருக்கு, வெயில்ல முதுகு உரிஞ்சிருக்கு, ஒருநாள் லேட்டா வந்திருக்காரு" என்றாள், அபூர்வமாகத் தமிழில். "பெரியம்மா இவரைப் பாத்திருக்காங்க."

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை. ஒரு தமிழ்நாடே முப்பது வருடமாகப் படித்துக் கண்டுபிடிக்காததைச் சமையலறையில் நின்றபடி சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

5

உடனே கிளம்ப முடியவில்லை. இல்லத்தில் அவசர விடுப்புக்கு ஒரு விதி இருக்கிறது. பெற்றோர், பிள்ளை, கணவன் சாகக் கிடந்தால் கொடுப்பார்கள், அக்கா அந்தப் பட்டியலில் இல்லை. என்னை வளர்த்தது அவள்தான் என்று சொன்னேன், அதற்குக் காகிதம் உண்டா என்றார்கள். உடன் வேலை செய்யும் போலந்துக்காரி ஒருத்தி தன் கிறிஸ்துமஸ் விடுமுறையை எனக்கு மாற்றிக் கொடுத்தாள். பிறகு விசா. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கிய பிறகு ஊருக்குப் போக எனக்கும் விசா வேண்டும். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் இருந்தவற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுற்றுலா என்பதைத் தொட்டேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரை அடித்தபோது எழுத்து மூன்று முறை தப்பாக விழுந்தது. தினமும் மத்தியானம் வீடியோவில் அக்காவைப் பார்த்தேன். நெற்றிப்பொட்டு இன்னும் உள்ளே போனது.

திருவாதிரைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். ராமநாதபுரத்திலிருந்து வரும் வழியில், கருவேலங்காட்டு ஓரங்களில் அக்கா படம் போட்ட பதாகைகள். 'வலைஞன் வருகிறான்' என்று பெரிதாக எழுதி, கீழே தேதி போட்டிருந்தார்கள். கார் ஓட்டி வந்தவர், அம்மாவின் தங்கச்சி என்று தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் காலைத் தொட வந்தார். வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது.

வாசலில் சமையலே நடந்துகொண்டிருந்தது. முந்நூறு பேராவது இருப்பார்கள். அக்காவின் அறையிலிருந்து இருபதடி தூரத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வெந்தது.

அண்ணனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். வந்த கோபத்தில் நேராகவே சொன்னேன், அந்தப் பாட்டு எதுவும் சாமிக்கு எழுதினது இல்லை, நான் சொன்னது பொய் என்று.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மிகவும் தளர்ந்திருந்தார்.

"தெரியும்" என்றார். "அய்யாவுக்கும் தெரியும்."

நோட்டைப் படித்த அன்றே அய்யாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சாமி என்று சொன்னதும், பெற்ற பிள்ளையைத் தொடாமல் இருக்க ஒரு வழி கிடைத்தது என்று பிடித்துக்கொண்டாராம். சன்னதியில் விழுந்து கும்பிட்டது அதற்காகத்தானாம். சித்தப்பாமார் அருவாளோடு வந்து கேட்டபோதும் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். படுக்கையில் கிடந்தபோது அண்ணனைக் கூப்பிட்டு, இந்தக் கதையைக் கலைச்சுறாத, கலைஞ்சா பிள்ளையைக் காப்பாத்த முடியாது என்றாராம்.

"அதுக்குத்தான் மண்டபம் கட்டினேன்" என்றார் அண்ணன். "கூட்டம் இருந்தா அக்காவுக்குப் பாதுகாப்புன்னு நினைச்சேன். இப்ப கூட்டத்துக்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல முடியலை. போன வாரம் டாக்டரைக் கூட்டியாந்தேன். வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பிட்டாக."

6

அக்காவோடு தனியாக இருக்க இரண்டு நாள் ஆயிற்று. எந்நேரமும் நாலு பெண்கள் முறை வைத்துக் கூட இருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில், உடம்பு துடைத்துவிடுவது என் தொழில், அதற்கு மட்டும் வெளியே இருங்கள் என்று அவர்களை அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

வெந்நீரில் துணியை நனைத்து முதுகைத் துடைத்தேன். முதுகெலும்பை ஒன்று ஒன்றாக எண்ணலாம் போலிருந்தது. இவளா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரையில் நடந்தவள் என்று நினைத்தேன். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். பிறகு, நான் பேச்சை விட்டுவிட்ட நேரத்தில், அவளாகவே தொடங்கினாள்.

முதல் பத்து வருடம் சேவியரை நினைத்துத்தான் பாடினாளாம். ஊர் சாமியைப் பார்த்தது, அவள் அவரைப் பார்த்தாள். சாமிக்குத் துரோகம் என்று பயமும் இருந்தது, ஒளிந்து விளையாடும் சந்தோஷமும் இருந்தது. பிறகு ஒரு மார்கழியில், பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மறந்துபோயிற்றாம். எவ்வளவு முயன்றும் வரவில்லை. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

"அப்ப எதிர்ல யாரும் இல்லைன்னுதான் நினைச்சேன்" என்றாள். "ஆனா யாரோ கேட்டுக்கிட்டு இருந்தாக. அது நெசம்டி. இருபது வருசம் நான் பொய்யாப் பாடலை."

நான் துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மனிதனுக்கு எழுதிய பாட்டு சாமிக்குப் போய்ச் சேருமா என்று நான் முப்பது வருடம் கவலைப்பட்டிருக்கிறேன். போய்ச் சேர்ந்திருக்கிறது.

"போன தைமாசம் அவரு வந்தாரு" என்றாள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதில் சேவியரும் அவர் மனைவியும். மனைவிக்கு மார்பில் கட்டி, வைத்தியம் பார்த்துக்கொண்டே கும்பிடாத இடமெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார் என்றாள். வரிசையில் நின்று, முறை வந்ததும், தாயே என்று சொல்லி அவள் காலில் விழுந்திருக்கிறார்.

"உன்னைத் தெரிஞ்சுச்சா அவருக்கு?"

"தெரியலை. விபூதி வைக்கையில கண்ணை மூடிக்கிட்டாரு. அவுக மதத்துல அது வச்சுக்க மாட்டாக. பொண்டாட்டிக்காக வச்சுக்கிட்டாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அன்னைக்குச் சாயங்காலம் பாட உக்காந்தேன். அந்த முகம் திரும்பி வந்துருச்சு. கண்ணாடி போட்ட முகம். கேட்டுக்கிட்டு இருந்தவுக போயிட்டாக. இன்னைக்கு வரைக்கும் வரலை."

வராத சாமியை வந்ததாகக் காட்டி முந்நூறு பேருக்கு முன்னால் எத்தனை நாள் பாடுவது? தாயே என்று காலில் விழுந்தவனை நினைத்து எப்படிப் பாடுவது? இரண்டு பேருக்கும் துரோகம் செய்யாமல் இருக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்திருக்கிறது. கலந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுநாளே பதாகை வைத்துவிட்டார்களாம்.

"பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள்.

பன்னிரண்டு வருட வேலையில் நான் கற்றது ஒன்றுதான். சாக விரும்புகிறவர்கள் பயம் என்று சொல்வதில்லை. எழுந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

7

இவ்வளவு நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வீட்டில் வைத்துச் சோறு கொடுத்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். ஆஸ்பத்திரிதான் வழி. மத்தியானம் வாசலில் பந்தி நடக்கும் நேரத்தில், அண்ணன் கொல்லை வழியாகக் காரைக் கொண்டுவந்தார். அக்காவை நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவுதான் கனம் இருந்தாள். கண்மாய் தாண்டுவதற்குள் பின்னால் மோட்டார் பைக்குகள் வந்தன. யாரும் கல் எறியவில்லை, கூச்சல் போடவில்லை. இரண்டு பக்கமும் ராமநாதபுரம் வரைக்கும் கூடவே வந்தார்கள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

திருவாதிரை அன்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியோடு கிடந்தாள். வெளி வாசலில் காலையிலிருந்து அவள் பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் காதை மூடிக்கொண்டாள்.

மருந்து வாங்க வெளியே வந்தபோது ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. பதினோரு வருடம் கழித்து அம்மா கொடுத்த பிள்ளை என்றாள். அவள் கண்ணில் பகை எதுவும் இல்லை. பாவமாகத்தான் கேட்டாள்.

"நீங்க அங்கன இருக்கவுக. நாளைக்கு ஏறிப் போயிருவீக. இங்கன இருக்க எங்களுக்கு யாரு இருக்கா? சாமி கூப்பிட்டவுகளை நீங்க ஏன் தடுத்தீக?"

சாமி கூப்பிடவில்லை, என் அக்கா ஒரு ஆளை விரும்பினாள் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்தக் குழந்தை என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. சொல்லவில்லை. சொன்னால் இவர்கள் அக்காவை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாலு வயதில் எந்தப் பயத்தில் பொய் சொன்னேனோ, நாற்பத்தாறு வயதில் அதே பயத்தில் அதைத் திரும்பவும் காப்பாற்றினேன்.

பத்து நாளில் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் ஊட்டும்போது வாயைத் திறந்தாள். ஜெர்மனிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று விசாரித்தேன். அக்காவை என்னைச் சார்ந்தவளாகக் கொண்டுவர அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. சுற்றுலாவுக்கு வேண்டுமானால் வரலாம், அதற்கு அவள் திரும்பிப் போவாள் என்று நிரூபிக்க வேண்டும். என் விடுப்பு முடிந்தது. அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் வீட்டுக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள்?

மாசியில் புத்தகம் வந்தது. நான் எழுதித் தராத முன்னுரை என் பெயரில் இருந்தது. சேது அண்ணன் அழுதுகொண்டே சொன்னார், கூட்டத்தார் கேட்டார்கள், உன் பெயரில் நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று.

8

இதை எழுத உட்கார்ந்தது போன ஞாயிற்றுக்கிழமை வந்த போனால். தெரியாத எண். எடுத்தால் அக்கா. கொல்லையில் துணி காயப்போட வந்த ஒரு பெண்ணிடம் போனை வாங்கியிருக்கிறாள். பட்டப்பகல், பின்னால் கோழி கூவுவதுகூடக் கேட்டது. ஆனால் அவள் குசுகுசுவென்று பேசினாள்.

"பசிக்குதுடி" என்றாள்.

கூட்டம் கலையவில்லையாம். போன திருவாதிரையில் சாமி அம்மாவைத் திருப்பி அனுப்பியது, அவள் உடம்பில் ஆஸ்பத்திரி மருந்து ஏறித் தீட்டாகிவிட்டதால்தான் என்று பேசிக்கொள்கிறார்களாம். அந்தத் தீட்டு இறங்க வேண்டும் என்று இப்போதே வில்வத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த மார்கழிக்குப் பதாகை அடித்தாயிற்று.

"நான் நாள் குறிக்கலைடி. அவுகளாக் குறிச்சிருக்காக. முந்தாநாள் ஒரு பிள்ளை கையில இருந்த பிஸ்கட்டை வாங்கித் தின்னுட்டேன். எல்லாரும் பாத்தாக. யாரும் ஒண்ணும் சொல்லலை. திரும்பி உக்காந்து அழுதாக."

அண்ணன் எங்கே என்று கேட்டேன். அவருக்கும் வாசலில் ஆள் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

மார்கழிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. நான் வரும் வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த முறை விடுப்பு கேட்கவில்லை, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நிலாவும் வருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவளுக்கும் சேர்த்து விசாக் கட்டத்தில் சுற்றுலா என்று போட்டிருக்கிறேன். அக்காவை மதுரையிலோ அதற்கு அப்பாலோ யாருக்கும் தெரியாத தெருவில் ஒரு வீடு பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவளை எப்படி வெளியே கொண்டுவரப் போகிறோம் என்று எனக்கு இன்னும் தெரியாது. கொல்லைவழியை இந்நேரம் அடைத்திருப்பார்கள்.

நான் வரும்வரை என்ன செய்வாய் என்று அன்று போனில் அவளிடம் கேட்டேன்.

திரும்பவும் பாடத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். பாடினால் குரல் வேண்டும் என்று சாயங்காலம் ஒரு தம்ளர் கஞ்சி கொடுக்கிறார்களாம். பெண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் நெருங்கியது.

"இப்ப யாரை நினைச்சுக்கா பாடுறே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கஞ்சியை" என்றாள். போன் அணைந்தது.